மகுடம் கழற்றாத தெய்வங்கள்

'ஷோலே' வெளிவந்த அதே 1975இல் இன்னொரு இந்திப் படமும் வசூலில் சக்கைப்போடு போட்டது. பெரிய நட்சத்திரம் யாரும் இல்லை, பெரிய செலவும் இல்லை. பெயர் 'ஜெய் சந்தோஷி மா'. கொட்டகைக்குள் நுழையும்போதே பலர் செருப்பைக் கழற்றினார்கள். திரையில் அம்மன் தோன்றியதும் பூவும் சில்லறையும் பறந்தன. அம்மனாக நடித்த அனிதா குஹாவிடமே ஆசி கேட்டு ஆட்கள் வந்தார்கள். புராணங்களில் தேடினால் எளிதில் அகப்படாத தெய்வம் அது. வெள்ளிக்கிழமை விரதம், புளிப்பு சேர்க்காத சாப்பாடு, கடலையும் வெல்லமும் படையல் என்று மலிவு விலை விரதக் கதைப் புத்தகங்கள் வழியே வட இந்தியாவில் பரவிக்கொண்டிருந்தவளை அந்த ஒரு படம் நாடு முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

இயக்குநர் விஜய் சர்மா அதில் ஆரத்திப் பாட்டைப் படமாக்கிய விதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அம்மனின் பக்தையான நாயகி சத்தியவதி ஆடிப் பாடுகிறாள். கேமரா அவள் முகத்துக்கு நெருங்கும், சட்டென்று அம்மன் முகத்துக்குப் போகும், திரும்ப அவளிடம் வரும். நடுவில் சன்னதிக்குள் இருந்து, அம்மனின் பக்கத்திலிருந்து, பக்தையைப் பார்க்கும். சாமியை நாம் பார்ப்பதோடு தரிசனம் முடிவதில்லை, சாமியும் நம்மைப் பார்க்க வேண்டும் என்பது கோயிலுக்குப் போகிற எவருக்கும் தெரியும். அதைச் சொல்ல அந்தப் படத்துக்கு ஒரு வரி வசனம்கூடத் தேவைப்படவில்லை.

சரி, வேஷம் கட்டிய ஒரு நடிகையின் நிழலுக்குக் கற்பூரம் காட்டுவது பக்தியா, பேதைமையா?

பேதைமை என்ற பதில் தமிழ்த் திரையில் ஏற்கெனவே ஓங்கி ஒலித்திருந்தது. 1952 தீபாவளிக்கு வந்த 'பராசக்தி'யில், கோயிலுக்குள் ஒரு பெண்ணிடம் முறைகேடாக நடக்க முயன்ற பூசாரியின் காதில் ஒரு குரல் விழுகிறது. அம்மன்தான் பேசுகிறாளோ என்று அவன் மிரள்கிறான். சிலைக்குப் பின்னாலிருந்து வெளிப்படுபவன் குணசேகரன். கல் எப்போதடா பேசியது என்கிற பொருளில் கலைஞர் எழுதிய வசனத்துக்குக் கொட்டகை அதிர்ந்தது. குணசேகரனாக நடித்த சிவாஜி கணேசன் 13 ஆண்டுகள் கழித்து, 'திருவிளையாடல்' படத்தில் சிவபெருமானாகவே வந்து நின்றார். அதற்கும் கொட்டகை நிறைந்தது. சிலைக்குப் பின்னால் நின்றவரும் சிலையாக நின்றவரும் ஒரே ஆள் என்பது எவருக்கும் இடிக்கவில்லை. தமிழ் ரசிகரைக் கொள்கையில்லாதவர் என்று இதற்காகத் திட்டலாம். ஆனால் கும்பிடுவதும் கேள்வி கேட்பதும் ஒரே வீட்டில், சில சமயம் ஒரே ஆளிடம், குடியிருந்த ஊர் இது. சிவவாக்கியரைச் சித்தர் என்று கொண்டாடிக்கொண்டே அவர் கேலி செய்த கல்லுக்கு அபிஷேகம் செய்தவர்களின் பிள்ளைகள்தானே நாம்!

கல் சாமியாவதற்கு ஆகமத்தில் முறை உண்டு. சிற்பி கடைசியாகக் கண் திறக்க வேண்டும். யாகசாலையில் பூசித்த கும்ப நீர் சேர வேண்டும். அதுவரை அது வெறும் வேலைப்பாடு. வைணவமோ, பக்தன் விரும்பிச் சமைத்த உருவத்தில் பெருமாள் தானே வந்து தங்குகிறான் என்று அர்ச்சாவதாரத்துக்கு விளக்கம் சொல்லும். மனிதரிடமும் இதே கதைதான். திரௌபதி அம்மன் திருவிழாவில் தபசு மரம் ஏறும் அர்ச்சுனன் உச்சியிலிருந்து வீசும் எலுமிச்சம்பழத்துக்குப் பிள்ளையில்லாத பெண்கள் ஈரத்துணியோடு காத்துக் கிடப்பார்கள். மேலே இருப்பது எந்த ஊர்க் கூத்தாடி என்பது அவர்களுக்குத் தெரியும். காசிக்கு எதிர்க்கரையில் உள்ள ராம்நகரில் நடக்கும் ராமலீலையில் ராமனாக வருவது ஒரு சின்னப் பையன். தலையில் மகுடம் இருக்கும்வரை அவன் சாமி. பெரியவர்கள் காலில் விழுவார்கள். கழற்றியதும் பழையபடி பையன்.

ஏமாந்துபோய்க் கும்பிட்டார்கள் என்ற வாதம் இங்கே நிற்காது. சினிமாவின் தொடக்கத்திலேயே அதற்குச் சாட்சி இருக்கிறது. தாதாசாகேப் பால்கே 1917இல் எடுத்த 'லங்கா தகனம்' படத்தில் ராமனும் சீதையும் ஒரே ஆள்தான்: ஓட்டல் சமையற்கட்டிலிருந்து நடிக்க வந்த சாளுங்கே. 1919இல் வந்த 'காளிய மர்த்தன'த்தில் கிருஷ்ணன், பால்கேயின் மகள் மந்தாகினி. படத்தின் தொடக்கத்தில் அந்தச் சிறுமி கேமராவைப் பார்த்து விதவிதமாக முகபாவம் காட்டுகிறாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் உருவம் கரைந்து கிருஷ்ணன் வேஷமாகிறது. 'இது என் பெண், இனிமேல் கண்ணன்' என்று இயக்குநரே அறிவித்துவிட்டுத்தான் கதையைத் தொடங்குகிறார். மறைப்பதற்கு அங்கே ஒன்றுமே இல்லை.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. கூத்தில் விடிந்தால் அரிதாரம் கலைந்துவிடும். பிள்ளையாரைக்கூட மூன்றாம் நாள் ஆற்றில் கரைத்து அனுப்பிவிடுகிறோம். சினிமாவில் அந்தச் சடங்கு கிடையாது. படச்சுருளில் ஏறிய மகுடம் இறங்குவதே இல்லை. 1987 ஜனவரியில் தூர்தர்ஷனில் தொடங்கிய ராமானந்த் சாகரின் 'ராமாயண'த்தில் ராமனாக வந்த அருண் கோவில், சிகரெட் பிடித்ததற்காக ஒரு ரசிகரிடம் வசவு வாங்கிய கதையை அவரே சொல்லியிருக்கிறார். 'மாயா பஜார்' கிருஷ்ணனான என்.டி. ராமாராவின் முகம் ஆந்திர வீடுகளில் காலண்டர் சாமியாகவே ஆனது. 1982இல் கட்சி தொடங்கினார். அடுத்த ஜனவரியில் முதல்வர். நல்ல ஆட்சியா இல்லையா என்பது இருக்கட்டும், வேஷத்தைக் கலைக்கும் நேரம் எது என்பதை அங்கே யார் முடிவு செய்வது?

ஒருவேளை, அந்த வேலையைப் படமே செய்துவிட்டால்? எத்தனையோ பக்திப் படங்கள் வந்து காணாமல் போயின. கிராபிக்ஸ் சூலம் பறந்த அம்மன் படங்களில் பாதிக்குப் பெயரே நினைவில்லை. 'திருவிளையாடல்' மட்டும் ஏன் இன்றும் தொலைக்காட்சியில் ஓடுகிறது? சிவாஜியின் கம்பீரம் ஒரு காரணம்தான். ஆனால் ஜனங்கள் திரும்பத் திரும்பப் பேசுவது நாகேஷைப் பற்றி. ஆயிரம் பொற்காசு கைக்கு எட்டாமல் போய்விடுமோ என்று தனியாகப் புலம்பும் அவருடைய தருமி, எதிரே நிற்பது யார் என்று தெரியாமல் ஈசனையே வினாத்தாள் போல மடக்கி மடக்கிக் கேட்கிறான். அடுத்து சபையில் நக்கீரர். நெற்றிக்கண் திறந்த பிறகும் ஈசன் எழுதிய பாட்டில் பொருட்குற்றம் உண்டு என்று அடித்துச் சொல்கிறார். அந்த வேடத்தை இயக்குநர் ஏ.பி. நாகராஜன் வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. நெற்றியில் பட்டையும் மனத்தில் பக்தியுமாகப் படம் எடுத்த மனிதர், கடவுளோடு வாதாடும் இடத்தைத் தனக்கென்று வைத்துக்கொண்டார். அந்தக் காட்சியில் சிவன் சாமியாகவும் இருக்கிறார், தவறு செய்திருக்கக்கூடிய ஒரு புலவராகவும் இருக்கிறார். பார்ப்பவர் கையைக் கூப்பலாம், வாய்விட்டுச் சிரிக்கவும் செய்யலாம், எதுவும் அபசாரமாகாது.

ஜனங்கள் வேஷத்தையும் சாமியையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள் என்று இன்னமும் அடம்பிடிப்பவர்களுக்கு 1991 மக்களவைத் தேர்தல் முடிவைக் காட்டலாம். 'ராமாயண'த்தின் சீதை தீபிகா சிக்லியா பரோடாவில் பாஜக வேட்பாளராக வென்றார். அதே கட்சியில், அதே குஜராத்தில், சபர்காந்தா தொகுதியில் நின்ற இன்னொரு நடிகரும் வென்று டெல்லி போனார். அவர் அரவிந்த் திரிவேதி, தொடரின் ராவணன்.