எதற்காகக் கொடுத்த ரத்தம்?

அமெரிக்காவில் கோவேறு கழுதை முதுகில் தபால் போகிற ஊர் ஒன்று இருக்கிறது. பெயர் சூபாய். அரிசோனா மாநிலத்தில் கிராண்ட் கேன்யன் என்கிற மகா பள்ளத்தாக்கின் அடியில் உள்ள கிராமம். ரோடு முடிகிற இடத்திலிருந்து 8 மைல் நடந்து இறங்க வேண்டும். வசிப்பவர்கள் ஹவசுப்பாய் என்னும் பழங்குடி மக்கள். இனத்தின் மொத்த ஜனத்தொகையே சுமார் 650தான்.

இவர்களைச் சர்க்கரை வியாதி பாடாய்ப்படுத்தியது. சின்ன வயசுக்காரர்களுக்குக்கூடக் காலை எடுக்க வேண்டி வந்தது. 1990-ல் அரிசோனா ஸ்டேட் யூனிவர்சிட்டி ஆராய்ச்சியாளர்கள் வந்தார்கள். மாநில அரசின் பல்கலைக்கழகம். 'உங்கள் ரத்தத்தில் காரணம் தெரியலாம், கொடுங்கள்' என்றார்கள். வேறென்ன வேண்டும்? கையை நீட்டினார்கள். நாலு வருஷத்தில் பலர் கொடுத்தார்கள்.

2003-ல் அந்த இனத்துப் பெண் ஒருவர் அதே பல்கலைக்கழகத்தில் ஒரு டாக்டர் பட்ட ஆய்வுரையைக் கேட்க உட்கார்ந்திருந்தார். மேடையில் பேசப்படுவது தன் ஜனங்களின் ரத்தத்தைப் பற்றித்தான் என்பது கேட்கக் கேட்கப் புரிந்தது. ஆனால் பேச்சில் சர்க்கரை வியாதி இல்லை. எழுந்து, "இதுக்கு எங்ககிட்ட அனுமதி வாங்கினீங்களா?" என்று கேட்டார்.

அதன் பிறகு விசாரித்ததில் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. அதே ரத்தத்தில் ஸ்கிஸோஃப்ரினியா என்கிற மனச்சிதைவு நோயைத் தேடியிருந்தார்கள். உறவுக்குள் திருமணம் எவ்வளவு நடந்திருக்கிறது என்று கணக்குப் பார்த்திருந்தார்கள். மூதாதையர் ஆசியாவிலிருந்து வந்தவர்கள் என்றும் எழுதியிருந்தார்கள். ஹவசுப்பாய்களோ, 'நாங்கள் இந்தப் பள்ளத்தாக்கிலேயே தோன்றியவர்கள், இதன் காவலர்கள்' என்று நம்புகிறவர்கள். நிலத்தின் மேல் தங்களுக்கு உள்ள உரிமையே அதிலிருந்துதான் வருகிறது என்று கருதுகிறவர்கள்.

சரி, விஞ்ஞானிகள் ஏமாற்றினார்களா? அங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. கையெழுத்து வாங்கின படிவத்தில், 'நடத்தை மற்றும் மருத்துவக் கோளாறுகளின் காரணங்களை ஆராய' என்று பொதுவாக எழுதியிருந்தது. மனச்சிதைவும் கோளாறுதானே? ஆராய்ச்சியை நடத்தியவர், 'அனுமதி விரிவாகத்தான் வாங்கியிருக்கிறேன்' என்றார். பலருக்கு இங்கிலீஷ் இரண்டாவது மொழி. வாயால் சொன்னது சர்க்கரை, காகிதத்தில் இருந்தது கடல்.

நமக்குப் புரிகிற மாதிரி சொன்னால், பொருத்தம் பார்க்கத்தான் ஜாதகம் கொடுக்கிறோம். வாங்கிப் போனவர் அதை வைத்துக்கொண்டு, 'இந்த வீட்டில் யாருக்கு மனசு சரியில்லாமல் போகும்' என்று ஊரெல்லாம் வாசித்தால்? "ஏன் சார், 'ஜாதகத்தைப் பார்க்கலாம்'னு நீங்கதானே சொன்னீங்க" என்று அவர் கேட்டால்? சட்டப்படி பதில் சொல்லத் திணறுவோம். ஆனால் மோசம் போய்விட்டோம் என்று மட்டும் நிச்சயமாகத் தெரியும்.

மனநோய் என்றாலே தனி வலி. லண்டனில் 500 பேரின் ரத்தத்தில் எதையாவது கண்டுபிடித்தால் அது யாரைப் பற்றியும் அல்ல. 650 பேர் உள்ள இனத்தில் கண்டுபிடித்தால் அது எல்லோரைப் பற்றியும்தான். கையெழுத்தே போடாத அத்தையையும் பேரனையும் சேர்த்து. டி.என்.ஏ. ஒருவருக்கு மட்டும் சொந்தமான சொத்து இல்லை, கூட்டுக் குடும்பச் சொத்து.

வழக்குப் போட்டார்கள். 2010-ல் சமரசம் ஆயிற்று. 41 பேருக்கு 7 லட்சம் டாலர், மிச்சமிருந்த ரத்தமும் திரும்பக் கொடுக்கப்பட்டது. வாங்கப் போனவர்கள் ஃப்ரீஸர் முன்னால் அழுதார்கள், பாடினார்கள். கொடுத்தவர்களில் சிலர் அதற்குள் இறந்து போயிருந்தார்கள். சமரசம் என்பதால் கோர்ட் தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. எனவே கேள்வி அப்படியே நிற்கிறது. ஒரு கேள்விக்காகக் கொடுத்ததை இன்னொரு கேள்விக்கு எடுத்துக்கொள்ளலாமா?

கூடவே கூடாது என்று ஒரே போடாகப் போட்டுவிட முடியாது. நாளைக்கு என்ன கேள்வி கேட்கப் போகிறோம் என்பது விஞ்ஞானிக்கே இன்று தெரியாது. ஒருவர் சேர்த்ததை இன்னொருவர் பயன்படுத்தாமல் மரபணு ஆராய்ச்சி நகரவே நகராது. பிரிட்டனில் யு.கே. பயோபேங்க் என்று ஒன்று இருக்கிறது. அரசுப் பணமும் அறக்கட்டளைப் பணமும் போட்டு ஆரம்பித்தது. 2006 முதல் 2010 வரை 5 லட்சம் பேர் புற்றுநோய்க்கும் இதய நோய்க்கும் விடை கிடைக்கட்டும் என்று மனமுவந்து ரத்தம் கொடுத்தார்கள். எதிர்காலத்தில் வேறு ஆராய்ச்சிகளும் நடக்கும் என்று முதலிலேயே சொல்லித்தான் வாங்கினார்கள். அதில் கிடைத்த பலன்கள் ஏராளம்.

ஆனால் அங்கேயும் பாருங்கள். 2018-ல் 11 லட்சம் பேரின் மரபணுக்களை வைத்து, யார் எத்தனை வருஷம் படிக்கிறார்கள் என்பதோடு தொடர்புள்ள 1,271 இடங்களைக் கண்டுபிடித்தார்கள். அந்த 11 லட்சத்தில் கணிசமான பகுதி பயோபேங்க் ஆசாமிகள். மனிதர்களுக்குள் படிப்பில் உள்ள வித்தியாசத்தில் 11 முதல் 13 சதவிகிதத்தைத்தான் இந்த மதிப்பெண்ணால் கணிக்க முடிந்தது. அதுவும் ஐரோப்பிய வம்சாவளியினரிடம் மட்டும். ஆப்பிரிக்க அமெரிக்கர்களிடம் ஏறக்குறைய படுத்துவிட்டது. ஆராய்ச்சியாளர்களே, 'தனி ஒரு குழந்தையின் படிப்பை இதை வைத்து முடிவு செய்யாதீர்கள்' என்று எச்சரித்தார்கள்.

எச்சரித்து என்ன? 2024-ல் லண்டன் 'கார்டியன்' பத்திரிகையில் ஒரு செய்தி. ஓர் அமெரிக்கக் கம்பெனி, சோதனைக் குழாய்க் கருக்களில் எது அதிக புத்திசாலி என்று கணித்துத் தர பணக்காரப் பெற்றோர்களிடம் கட்டணம் பேசியது, அதற்கு பயோபேங்க் தகவல்களைப் பயன்படுத்தியது என்று. பயோபேங்க்கின் பதில்: எங்கள் விதிமுறைக்கு உட்பட்டதுதான். மறுபடியும் அதே காகிதம், அதே கடல். இதய நோய்க்கு விடை தேட ரத்தம் கொடுத்த மனிதர், தன் ரத்தம் யாரோ ஒருவரின் குழந்தையைப் பொறுக்கி எடுக்க உதவும் என்று நினைத்திருப்பாரா?

எனக்கு என்ன தோன்றுகிறது என்றால், சம்மதம் என்பது ஒரு கையெழுத்தோடு முடிகிற காரியம் இல்லை. கேள்வி மாறினால் திரும்பப் போய்க் கேட்க வேண்டும். கேட்க முடியாத அளவுக்குக் கூட்டம் பெரியது என்றால் சொல்லவாவது வேண்டும். 'வேண்டாம்' என்கிறவர் விலக வழி வைக்க வேண்டும். 'செலவாகும், தாமதமாகும்' என்பார்கள். ஆகட்டுமே. ஃப்ரீஸருக்கும் கம்ப்யூட்டருக்கும் பட்ஜெட்டில் இடம் இருக்கும்போது, கொடுத்தவர் வீட்டுக்குத் திரும்பிப் போகும் பஸ் டிக்கெட்டுக்கு இடம் இல்லையா? தென்னாப்பிரிக்காவின் சான் பழங்குடிகள் 2017-ல் ஆராய்ச்சியாளர்களுக்கென்று தாங்களே ஒரு நடத்தை விதி எழுதினார்கள். மரியாதை, நேர்மை, சொன்ன வாக்கைக் காப்பாற்றுதல். விதி முழுவதும் இந்த மாதிரி சாதாரண விஷயங்கள்தான்.

நமக்கு இது தூரத்துச் செய்தி இல்லை. ஜீனோம் இந்தியா திட்டம் மத்திய அரசின் பணத்தில் 10,000 இந்தியர்களின் மரபணுத் தொகுப்பைப் படித்து முடித்து, 2025 ஜனவரியில் ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்துவிட்டது. தகவல்கள் ஃபரிதாபாத்தில் இருக்கின்றன. நல்ல காரியம்தான், நம் வியாதிகளுக்கு நம் மரபணுவில்தான் விடை தேட வேண்டும். இனி அதில் சர்க்கரையையும் தேடுவார்கள், மனநோயையும் தேடலாம், ஒருநாள் யாராவது படிப்பையும் தேடலாம். எந்த ஜாதி, எந்த ஊர் என்று பிரித்துப் பார்க்கிற ஆசை நம் ஊரில் அமெரிக்காவைவிடக் குறைவா என்ன?

வரியும் நாம்தான் கட்டுகிறோம், ரத்தமும் நாம்தான் கொடுக்கிறோம். பதிலுக்கு என்ன தேடினீர்கள், என்ன கிடைத்தது என்று ஒரு கடிதம் போடுங்கள். முகவரி கஷ்டம் என்று மட்டும் சொல்லாதீர்கள். சூபாய்க்கே தபால் போகிறது.