கணவன் சம்மதித்தால் குற்றமில்லை

1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 497ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. பிறன் மனைவி என்று தெரிந்தே அவளுடன் உறவு கொண்ட ஆணுக்கு ஐந்தாண்டு வரை சிறை. கணவன் சம்மதித்திருந்தாலோ, கண்டும் காணாமல் விட்டிருந்தாலோ குற்றமே இல்லை. கணவன் தவறினால் மனைவி வழக்குத் தொடுக்க வழியில்லை. அவன் போனது மணமாகாதவளிடமோ விதவையிடமோ என்றால் சட்டம் திரும்பியே பார்க்காது.

இதையும் ஒழுக்கத்தின் காவல் என்றுதான் பலர் நம்பினார்கள். அடுத்தவன் வயலில் மாடு மேய்ந்த பஞ்சாயத்து அல்லவா இது? சொந்தக்காரன் சரி என்றால் வழக்கு முடிந்தது. குறளின் பதினைந்தாம் அதிகாரமும் மனைவியைப் பிறனுக்கு உரியவளாகத்தான் பார்க்கிறது. ஆனாலும் அது சாடுவது போகிறவனின் மனக்கேட்டை. கணவனின் அனுமதிக்கு அங்கே இடமே இல்லை.

1985இல் ஒய்.வி. சந்திரசூட் இருந்த உச்ச நீதிமன்ற அமர்வு இந்தப் பிரிவு செல்லும் என்றது. 2018 செப்டம்பர் 27 அன்று அதைச் செல்லாததாக்கிய ஐவரில் ஒருவர் அவருடைய மகன் டி.ஒய். சந்திரசூட். அப்படியானால் இனி எவரும் எப்படியும் வாழலாமா என்று கேட்டார்கள். கேள்வியிலேயே குழப்பம் இருக்கிறது. 1930இல் வேதாரண்யத்தில் உப்பு அள்ளியது குற்றம், ஒழுக்கக்கேடு அல்ல. நண்பன் நம்பிச் சொன்ன ரகசியத்தை ஊருக்குச் சொல்பவனைப் போலீஸ் தேடாது. அதனால் அவன் யோக்கியனாகிவிட மாட்டான். நம்பியவருக்கு இழைத்த துரோகமே மண உறவை மீறுவதில் உள்ள கேடு. அது கணவனுக்கும் மனைவிக்கும் ஒன்றுதான். அதற்கு மணவிலக்குக் கேட்க இருவருக்கும் சட்டத்தில் இன்றும் வழியுண்டு.

நல்லது கெட்டது அறியாத குழந்தையை ஒழுக்கங்கெட்டது என்று யாரும் சொல்வதில்லை. அறிந்தும் தவறி வெட்கப்படுகிறவனிடம் அந்த அறிவு உயிரோடு இருக்கிறது. சட்டம்தான் தடுக்கவில்லையே என்கிறவனைத்தான் மன்னிக்க முடிவதில்லை. தன் மனசாட்சியின் வேலையை அவன் காவல் நிலையத்திடம் ஒப்படைத்துவிட்டான்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் பழைய 497 இல்லை. இருபாலருக்கும் பொதுவாக்கி அதைத் திரும்பக் கொண்டுவரலாம் என்ற நாடாளுமன்றக் குழுவின் யோசனை ஏற்கப்படவில்லை. ஆனால் 84ஆம் பிரிவு இருக்கிறது: பிறன் மனைவி என்று தெரிந்தே தகாத உறவுக்காக அவளை ஆசைகாட்டி அழைத்துப் போனால் இரண்டாண்டு வரை சிறை. பிறள் கணவனை அப்படி அழைத்துப் போவதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.