மூடிக்கிடந்த பவளம்



போன மார்கழியில், தலைகுந்தாப் புல்வெளி உறைபனி விழுந்து வெள்ளையாகக் கிடந்த வாரம், குன்னூரில் நம் பங்குக் குடும்பம் ஒன்றின் வீட்டை மந்திரிக்கப் போயிருந்தேன். முன்னறையில் நான்கடி நீளத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி. உள்ளே உப்புத் தண்ணீர். கடல் மட்டத்துக்கு 1,800 மீட்டர் மேலே, ஒரு சின்னக் கடல்! அந்த வீட்டுத் தம்பி அதில் மென்பவளம் வளர்க்கிறார். கடலில் பிடுங்கி வந்ததல்ல. இன்னொருவர் தொட்டியில் வளர்ந்ததிலிருந்து வெட்டிய ஒரு துண்டு.

பவளம் என்றதும் நமக்குச் சிவப்புமணி மாலைதான் நினைவுக்கு வரும். இதுவோ உயிருள்ள பிராணி. பாறை கட்டும் பவளங்களைப் போலக் கல்வீடு கட்டாது. சதைக்குள் பொடிப்பொடியான சுண்ணாம்பு ஊசிகள் இருக்கும், அவ்வளவுதான். பெரிய காளான் போல நிற்கும். அதன் தலை முழுக்கச் சின்னச்சின்னப் பூக்கள். ஒவ்வொரு பூவுக்கும் எட்டுக் கைகள். கண்ணுக்குத் தெரியாத பாசிகள் அதன் சதைக்குள் குடியிருந்து, வெளிச்சத்தைச் சோறாக்கிக் கொடுக்கின்றன. ஆண்டவர் யாருக்கெல்லாம் எப்படியெல்லாம் பந்தி வைத்திருக்கிறார், பாருங்கள்.

ஆனால் நான் பார்த்த அன்று பூவும் இல்லை, கையும் இல்லை. மெழுகு பூசியதுபோல ஒரு மங்கலான ஏடு மூடி, சுருங்கிக் கிடந்தது. "செத்துப்போச்சா தம்பி?" என்றேன்.

"இல்லைங்க ஃபாதர், தோல் உரிக்குது. மேலே படியற அழுக்கு, பாசியெல்லாம் அந்த ஏட்டோடயே கழண்டு போயிரும். சில நாள்லயும் முடியும், ரெண்டு வாரமும் ஆகும். அப்புறம் முன்னைவிட நல்லா விரியும்." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "முதல் தடவை எனக்குத் தெரியலைங்க. செத்துருச்சுன்னு எடுத்துத் தூக்கிப் போட்டுட்டேன்." அதைச் சொல்லும்போது அவர் தொட்டியைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார்.

அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. மூடிக்கிடக்கிறார்கள் என்பதற்காகவே செத்தவர்கள் கணக்கில் நான் எழுதிவிட்ட ஆட்கள் எத்தனை பேர்? குடியை விட்டுவிட்டதாகச் சொல்லி, மூன்றாம் நாளே மறுபடி டாஸ்மாக் வாசலில் நின்ற அண்ணன். கோவில் பக்கமே வராத பிள்ளை. கணவர் இறந்தபின் லைன் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்ட அக்கா. இன்றைக்கு உங்களையும் கேட்கிறேன்: நம் வீட்டில், நம் அன்பியத்தில், யாரை நாம் எடுத்துப் போட்டுவிட்டோம்?

தவக்காலத்தின் இந்த மூன்றாம் ஞாயிற்றில் லூக்கா நமக்குக் காட்டுகிற தோட்டக்காரரைக் கவனியுங்கள். மூன்று ஆண்டுகளாகக் காய்க்காத அத்திமரம். வெட்டிவிடு என்கிறார் உரிமையாளர். இன்னும் ஓராண்டு விடுங்கள் என்று கெஞ்சுகிறார் தோட்டக்காரர். கெஞ்சிவிட்டுச் சும்மா உட்காரவில்லை. சுற்றிலும் கொத்தி எருப்போடுவேன் என்கிறார். ஆண்டவரின் இரக்கம் மண்வெட்டியோடு வருகிறது.

அந்தத் தம்பியும் சும்மா இருக்கவில்லை. ஏட்டை விரலால் உரிக்கக் கூடாதாம். உரித்தால் அடியிலுள்ள சதை புண்ணாகும். பம்பைக் கொஞ்சம் திருப்பி, நீரோட்டம் அதன்மேல் படும்படி வைத்தார். மற்றதை ஓட்டம் பார்த்துக்கொள்ளும். ஓட்டம் மட்டும் போதாது, சூடும் வேண்டும். சமவெளியில் தொட்டியைக் குளிர்விக்கப் பாடுபடுகிறார்கள்; நம் மலையில் 25 டிகிரிச் சூட்டைக் காப்பாற்றுவதே பாடு. ஒருநாள் இரவு மின்சாரம் போய் ஹீட்டர் நின்றபோது, வீட்டிலிருந்த கம்பளிகளையெல்லாம் தொட்டிக்குச் சுற்றிவிட்டு, வீட்டார் ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருந்தார்களாம். பிறருடைய பாவத்தை நாம் உரிக்கப் போக வேண்டாம், பிரியமானவர்களே. பக்கத்தில் சூடு இருக்கும்படி பார்த்துக்கொள்வோம்.

பவளத்தைக் கைவிடாமல் காப்பாற்றுகிற இந்த வேலை நம் மன்னார் வளைகுடாவிலும் நடக்கிறது. ராமேஸ்வரம் முதல் தூத்துக்குடி வரை 21 தீவுகள்.  சுண்ணாம்புக்காக ஒரு காலத்தில் அங்கே பவளப்பாறைகளை வெட்டியெடுத்தார்கள். தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2002 முதல் பவளத் துண்டுகளைச் சிமென்ட் பலகைகளில் கட்டிக் கடலடியில் நட்டு வருகிறார்கள். 2016 கோடையில் தண்ணீர் சூடேறி, பவளங்கள் உள்ளிருந்த பாசியை இழந்து வெளிறிப்போயின. சில மாண்டன. ஆனால் வெளிறியதெல்லாம் சாகவில்லை. தண்ணீர் குளிர்ந்ததும் பாசி திரும்ப, பல பவளங்கள் மறுபடி நிறம் பிடித்தன.

இங்கே உட்கார்ந்திருக்கும் பெரியவர்களே, நீங்களும் கடல் தாண்டி வந்தவர்கள். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு, தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாம் வழியாக இந்த மலைக்கு வந்தீர்கள். புது மண்ணில் பிழைப்போமா என்று அழுததை உங்கள் வீடுகளில் சொல்லக் கேட்டிருக்கிறேன். இதோ, உங்கள் பேரப்பிள்ளைகள் பீடத்தில் பூசைக்கு உதவுகிறார்கள். ஆண்டவர் உங்களைத் தூக்கிப் போடவில்லை.

கவாத்து வெட்டிய தேயிலைக் காட்டைப் பாருங்கள். வெறும் குச்சி. செத்துவிட்டது என்று யாராவது பிடுங்குகிறோமா? சில மாதத்தில் கொழுந்து வரும் என்று நம் கைகளுக்கே தெரியும். செடிக்குக் கொடுக்கிற தவணையை, கூடப் பிறந்தவனுக்கு ஏன் கொடுக்க மாட்டோம்?

ஒருவேளை மூடிக்கிடப்பது நீங்களாகவே இருக்கலாம். செபிக்க முடியவில்லை, நற்கருணை வாங்கி வருடக்கணக்காகிவிட்டது, இனி என்ன முகத்தோடு வருவது என்று நினைக்கலாம். பயப்படாதீர்கள். நீங்கள் அழுகிப் போகவில்லை. உங்கள்மேல் படிந்தது கழன்றுகொண்டிருக்கிறது. அதற்கு நாள் பிடிக்கும். அந்த நாளை ஆண்டவர் உங்களுக்குத் தந்திருக்கிறார்.

தை பிறந்தபின் ஒருநாள் அந்தத் தம்பி என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். ஏடு போய், பூவெல்லாம் விரிந்து, நீரோட்டத்தில் அசைந்துகொண்டிருந்தது.

வரும் சனிக்கிழமை மாலை 4 மணியிலிருந்து ஒப்புரவு அருட்சாதனத்திற்காகக் கோவிலில் இருப்பேன். கொழுந்து எடை போட்டுவிட்டு வருகிறவர்களுக்குத் தாமதமாகும் என்று தெரியும். கடைசி ஆள் வரும்வரை உட்கார்ந்திருப்பேன், வாருங்கள்.