மாறும் இசையும் மாறாத கடமையும்

ஒன்று மாறிய பின்னரும் அது அதுவாகவே இருக்க முடியுமா? மெய்யியலார் நெடுங்காலமாகக் கேட்டுவரும் கேள்வி இது. பலகை பலகையாக மாற்றப்பட்ட மரக்கலத்தைக் காட்டி, இது பழைய கலமா, புதிய கலமா என்று கிரேக்கர் வாதிட்டனர். கல்வராயன் மலையடிவாரத்தில் வாழும் நமக்கு அந்தக் கலம் தேவையில்லை. மலையில் பிறக்கும் கோமுகி ஆறு, மாரியில் செந்நீராய்ப் பெருகுகிறது. கோடையில் மணலாய்க் கிடக்கிறது. இரண்டையும் கோமுகி என்றே அழைக்கிறோம். ஆற்றுக்குத் தயக்கமின்றி நாம் வழங்கும் இந்த உரிமையை, மனிதருக்கும் மனிதர் படைக்கும் கலைக்கும் வழங்கத் தயங்குகிறோமே, ஏன்? இதை ஓர் இசைவகையை முன்வைத்து எண்ணிப் பார்ப்போம்.

சங்கராபுரத்திலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் இன்று இளைஞர் கையிலுள்ள கைப்பேசிவழி உலகின் எல்லா ஓசைகளும் வீட்டுக்குள் வந்து சேருகின்றன. அவற்றுள் ஒன்று, பெரியவர்கள் கேட்டவுடன் காதைப் பொத்திக்கொள்ளும் 'மெட்டல்' இசை. இடியென முழங்கும் முரசுகள், கரகரக்கும் மின்கித்தார்கள், அவற்றுக்கு மேலே ஆலயப் பாடகியின் குரல்போல உயர்ந்தெழும் ஒரு பெண்குரல், பின்னணியில் வயலின்களும் பாடகர் குழுவும். 'சிம்பொனிக் கோதிக் மெட்டல்' என்று இதற்குப் பெயர். இது பேய்க்கூச்சல் என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் ஒன்றைத் தள்ளுவதற்கு முன் அது எங்கிருந்து வந்தது என்று கேட்பதே அறிவுடைமை.

இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில், தகட்டுத் தொழிற்சாலையில் வேலைசெய்த டோனி அயோமி என்னும் இளைஞர், தம் பதினேழாம் வயதில் எந்திரத்தில் வலக்கை விரல்கள் இரண்டின் நுனிகளை இழந்தார். இடக்கைப் பழக்கமுள்ள அவருக்குக் கித்தாரின் நரம்புகளை அழுத்தும் கை வலக்கையே. உருக்கிய பிளாஸ்டிக்கால் விரலுறைகள் செய்து மாட்டிக்கொண்டு மீண்டும் வாசித்தார். அழுத்துவதற்கு எளிதாகப் பின்னர் நரம்புகளைத் தளர்த்தினார். நரம்பு தளர்ந்தபோது ஓசை தாழ்ந்து கனத்தது. 1970-இல் முதல் இசைத்தட்டை வெளியிட்ட 'பிளாக் சபாத்' குழுவின் கனத்த ஒலியில் அந்த விரல்களின் கதையும் உண்டு. ஆலைகளிலும் கல்லுடைக்கும் இடங்களிலும் உழைத்து உடல் தேய்ந்தவர்களை அறிந்த நமக்கு, காயத்திலிருந்து ஓர் இசை பிறக்கும் என்பது வியப்பன்று.

'கோதிக்' என்ற சொல்லும் நமக்கு அயலானதன்று. கூர்முனை வளைவுகளும் வண்ணக் கண்ணாடிகளுமாக எழுந்து நிற்கும் புதுச்சேரித் திரு இருதய ஆண்டவர் ஆலயம் 1907-இல் திறக்கப்பட்டது. அதன் கட்டட முறை கோதிக். ஆனால் அச்சொல் தொடக்கத்தில் ஒரு வசைச்சொல் என்பதைப் பலர் அறியார். கோத்தியர் என்ற முரட்டு இனத்தாரின் பெயரால், 'காட்டுமிராண்டிக் கட்டடம்' என்ற பொருளில், இத்தாலிய மறுமலர்ச்சிக் கால எழுத்தாளர்கள் அதனை இகழ்ந்தனர். ஒரு காலத்தின் வசை மற்றொரு காலத்தின் வழிபாட்டிடமாயிற்று. 1991-இல் 'பாரடைஸ் லாஸ்ட்' என்னும் ஆங்கிலக் குழு தன் இசைத்தட்டுக்கு 'கோதிக்' என்றே பெயரிட்டு, முரட்டு இசையோடு பெண்குரலையும் பேரிசையையும் இணைத்தது. அந்தத் தடத்தில் நார்வே, பின்லாந்து, நெதர்லாந்து ஆகிய நாடுகளில் பெண்பாடகியரை முன்னிறுத்திய குழுக்கள் பல தோன்றின. இரண்டை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, நெதர்லாந்தில் 1996-இல் தோன்றிய 'விதின் டெம்ப்டேஷன்'. பாடகி ஷாரன் டென் ஆடெல். கித்தார் வாசித்தவர் அவருடைய வாழ்க்கைத் துணைவர் ராபர்ட் வெஸ்டர்ஹோல்ட். 1997-இல் வந்த முதல் இசைத்தட்டில் பாடகியின் மென்குரலுக்கு எதிரே துணைவரின் உறுமும் குரலும் ஒலித்தது. 2000-இல் வந்த இரண்டாவதில் உறுமல் மறைந்து, நாட்டுப்புற இசையின் சாயல் புகுந்தது. 2004-இல் பேரிசைக் குழுவும் பாடகர் குழுவும் சேர்ந்தன. 2011-இல் எண்பதுகளின் மெல்லிசைச் சாயல். 2014-இல் சொல்லிசைப் பாடகரோடும் ஒரு பாட்டு. 2019-இல் மின்னணு ஒலிகள். 2023-இல் வந்த இசைத்தட்டில் உக்ரைன் போரும் ஈரானில் பெண்கள் எழுப்பிய உரிமைக்குரலும் பாடுபொருளாயின. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில் கருவிகள் மாறின, பாடுபொருள் மாறியது, கேட்போரும் மாறினர். முன்னே நிற்கும் குரல் மட்டும் மாறவில்லை.

ஒவ்வொரு மாற்றத்தின்போதும் பழைய சுவைஞருள் சிலர், 'இது எங்கள் குழு அன்று. எங்களைக் கைவிட்டுவிட்டார்கள்' என்று வருந்துவது இத்தகைய குழுக்கள் எல்லாவற்றின் வரலாற்றிலும் உண்டு. அவர்கள் வருத்தத்தை நாம் இகழ வேண்டியதில்லை. ஒரு பாட்டு நம் துன்ப நாளில் நமக்குத் துணை நின்றிருந்தால், அதில் நமக்குப் பங்குண்டு என்று எண்ணுவது இயல்பே. ஆயினும் கேட்டவருக்கு நன்றி கூறும் கடமை உண்டு. பாடியவரை நேற்றைய பாட்டுக்குள் பூட்டிவைக்கும் உரிமை உண்டா? இருபது வயதில் மரணத்தைக் கற்பனையாய்ப் பாடியவர், ஐம்பதை நெருங்கும்போது உண்மையான போரைக் கண்டு பாடுகிறார் என்றால், அவர் தம்மைக் காட்டிக்கொடுத்துவிட்டாரா, தம்மில் வளர்ந்திருக்கிறாரா? பழைய ஒலியைப் பொய்யாகப் போலி செய்து கொண்டிருப்பதைவிடப் புதிய ஒலியில் உண்மை பேசுவதே மேலான பற்றுறுதி என்பது நம் எண்ணம்.

இரண்டாவது கதை இதற்கு நேர் எதிரானது, கடினமானதும்கூட. அதே 1996-இல் பின்லாந்தின் கீத்தே என்னும் சிற்றூரில் 'நைட்விஷ்' குழு தோன்றியது. பாடல்களை இயற்றியவர் தூமாஸ் ஹோலப்பாய்னன். பாடியவர் செவ்வியல் பயிற்சி பெற்ற தார்யா துருனென். அவருடைய குரலாலேயே உலகம் அக்குழுவை அறிந்தது. 2005 அக்டோபர் 21 அன்று ஹெல்சிங்கி நகரில் பெரும் அரங்கு நிறைந்த கச்சேரி முடிந்த இரவிலேயே, இனி உம்மோடு சேர்ந்து இயங்க இயலாது என்று மற்ற நால்வரும் கையெழுத்திட்ட மடல் அவரிடம் தரப்பட்டது. அம்மடல் இணையத்தில் எல்லாரும் படிக்க வெளியிடவும் பட்டது. 2007-இல் அனெட் ஓல்சன் வந்தார். 2012-இல் சுற்றுப்பயணத்தின் நடுவே அவரும் பிரிந்தார். அவ்விடத்தில் வந்த புளோர் யான்சன் இன்றளவும் பாடகியாகத் தொடர்கிறார். இங்கே பெயர் நிலைத்தது. பாடல் இயற்றியவர் நிலைத்தார். குரல் இரண்டு முறை மாறியது.

அக்குழுவினரின் மனவேறுபாட்டில் யார் பக்கம் நீதி என்று தீர்ப்பிட நாம் யார்? உள்ளே நடந்ததை உள்ளவரே அறிவர். சேர்ந்து உழைப்போர் பிரிய நேரிடுவது குற்றமும் அன்று. ஆனால் பிரியும் முறையில் ஓர் அறம் இருக்கிறது. கித்தார் பழுதானால் வேறொன்று வாங்கலாம். குரல் அப்படிப்பட்ட கருவியன்று; அது ஒருவரின் மூச்சு, தொண்டை, உடல், வாழ்வு. 'ஒலியை மாற்றுகிறோம்' என்று சொல்லும்போது, சில வேளைகளில் நாம் மாற்றுவது ஓர் ஆளை. அந்த ஆளோடு நேருக்கு நேர் பேசித் தீர்க்க வேண்டியதை ஊரறிய எழுதித் தீர்ப்பது, எவ்வளவு நியாயம் இருந்தாலும், காயத்தைப் பெரிதாக்கும். துருனெனின் குரல் அதோடு முடிந்துவிடவில்லை. தனியே பாடிவரும் அவர், பல இசைமேதைகள் இயற்றிய 'ஆவே மரியா' பாடல்களை மட்டுமே தொகுத்து 2015-இல் ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். முந்திய குழுவின் ஷாரனோடு அவர் இணைந்து பாடிய பாட்டொன்றும் அக்குழுவின் 2014-ஆம் ஆண்டு இசைத்தட்டில் உண்டு.

பெண்குரல் முன்னே நிற்பது எளிதாக வந்த உரிமையன்று. நம் திருச்சபையின் வரலாறே இதற்குச் சான்று. 1903-இல் திருத்தந்தை பத்தாம் பயஸ் வெளியிட்ட திருவழிபாட்டு இசை ஏடு, பாடகர் குழுவின் பணி வழிபாட்டுப் பணி என்பதால் பெண்கள் அதில் சேர இயலாது என்றும், உயர்ந்த குரல் வேண்டுமாயின் சிறுவரைக் கொண்டு பாடுவிக்க வேண்டும் என்றும் கூறிற்று. 1955-இல் பன்னிரண்டாம் பயஸ் சில வரையறைகளோடு பெண்களின் பாட்டுக்கு இடமளித்தார். 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டு ஏடு தாய்மொழிக்கும் அந்தந்த மக்களின் இசை மரபுக்கும் கதவைத் திறந்தது. இன்று நம் பங்குகளில் பாடகர் குழு என்றாலே மகளிரின் குரலே முதலில் காதில் விழுகிறது. இது மாற்றமா? ஆம், பெரிய மாற்றம். வழிபாடு இதனால் வேறொன்றாகிவிட்டதா? இல்லை. முன்பு வெளியே நின்ற குரல் உள்ளே வந்தது, அவ்வளவே. மாற்றத்தை அளக்க இதைவிட நல்ல அளவுகோல் உண்டோ?

தமிழ் மண்ணிலும் இதற்கு எடுத்துக்காட்டுகள் உள்ளன. நாடக மேடையின் பேரொளியாகத் திகழ்ந்த கே.பி. சுந்தராம்பாள், கணவர் கிட்டப்பா 1933-இல் மறைந்தபின் வெள்ளுடை தரித்து மேடையை விட்டு ஒதுங்கினார். 1935-இல் 'பக்த நந்தனார்' படத்தில் ஆண்வேடத்தில் திரும்பி வந்தபோது, காதல் பாடிய குரல் பக்தி பாடிற்று. தமிழர் அக்குரலைப் புதிதென்று ஒதுக்கவில்லை, ஔவையாராகவே கொண்டாடினர். நம் காலத்தில், ஆண்களே பாடிவந்த கானாவை இசைவாணி என்னும் இளம்பெண் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவில் பாடி, 2020-இல் பி.பி.சி. தொகுத்த நூறு பெண்களின் பட்டியலில் இடம்பெற்றார். 2005-இல் இளையராஜா திருவாசகத்தை ஹங்கேரி நாட்டுப் பேரிசைக் குழுவோடு இணைத்தபோது, அம்முயற்சிக்குத் துணைநின்றவர் கத்தோலிக்கக் குருவான ஜெகத் கஸ்பார் ராஜ். சைவத் திருமுறை, மேலைநாட்டு இசைக்கருவிகள், கத்தோலிக்கக் குருவின் ஊக்கம்! கலப்பினால் திருவாசகம் கரைந்துபோகவில்லை.

இனி நம் முற்றத்திற்கு வருவோம். ஆர்மோனியமும் தபேலாவும் இருந்த இடத்தில் கீபோர்டு வந்தது. கீபோர்டிலேயே தாளமும் வந்தது. அதைப் பற்றிப் பங்குகளில் எத்தனை விவாதங்கள்! பழைய பாடலா புதிய பாடலா என்று எத்தனை மனத்தாங்கல்கள்! ஆனால் வேறொரு மாற்றத்தைப் பற்றி எவரும் பேசுவதில்லை. பதினெட்டு, இருபது வயதுவரை ஊரே கேட்டு மகிழப் பாடிய பெண், திருமணமாகி வேறோர் ஊருக்குப் போகிறாள். அங்கே அவள் பாடுவாளா என்று எவரும் கேட்பதில்லை. சமையற்கட்டு, கழனி, கைக்குழந்தை இவற்றினிடையே அக்குரல் மெல்ல அடங்கிவிடுகிறது. கருவி மாறியபோது கூட்டம் போட்டு வாதிட்ட நாம், குரல் மறைந்தபோது அதை இயற்கை என்று கொள்கிறோம். இது நியாயமா?

முன்னர்க் கூறிய வெஸ்டர்ஹோல்ட் 2011-இல் ஒரு முடிவெடுத்தார். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளத் தாம் மேடைப் பயணங்களிலிருந்து விலகி வீட்டில் இருப்பதாகவும், பாடல் ஆக்கும் பணியை மட்டும் தொடர்வதாகவும் அறிவித்தார். துணைவி ஊர் ஊராகப் பாடச் சென்றார். அக்குழுவின் ஒலிமாற்றங்கள் அனைத்திலும் நம் உள்ளத்தைத் தொடுவது இந்த ஓசையற்ற மாற்றமே. முன்னே நிற்கும் குரல் நிலைக்க வேண்டுமாயின் பின்னே ஒருவர் தம் இடத்தை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அப்படியானால் மாற்றங்கள் எல்லாம் நல்லனவா என்று ஒருவர் கேட்கலாம். இல்லை. விற்பனைக்காக மட்டும் வேடம் மாற்றும் கலை உண்டு. உரத்த ஒலியால் சொற்களை மூழ்கடித்து, மக்களைப் பாடவிடாமல் வெறும் கேட்போராக்கும் வழிபாட்டு இசையும் உண்டு. பழையதைக் காப்பதும் சில வேளைகளில் கடமையே. ஆகவே 'இது பழையதைப் போல் இருக்கிறதா?' என்ற கேள்வி போதாது. 'இதைப் பாடுபவர் உண்மையாகப் பாடுகிறாரா? இதனால் எந்தக் குரலுக்கு இடம் கிடைத்தது? எந்தக் குரல் அடங்கிப் போயிற்று?' என்று கேட்க வேண்டும். இக்கேள்விகளுக்கு நேர்மையாக விடை காணும் மாற்றத்தை நாம் அஞ்ச வேண்டியதில்லை.

நம் பிள்ளைகளின் கைப்பேசியிலிருந்து எழும் அந்த முழக்கத்தை நாம் விரும்ப வேண்டும் என்பதில்லை. அவர்களோடு அமர்ந்து ஒருமுறை கேட்டுவிட்டு, 'இதில் உனக்குப் பிடித்தது எது?' என்று வினவினால் போதும்; அங்கே ஓர் உரையாடல் பிறக்கும். அவ்வாறே நம் வீட்டிற்கு மருமகளாய் வந்த பெண்ணிடம், 'நீ உன் ஊரில் பாடினாயாமே, இங்கும் பாடுவாயா?' என்று கேட்போம். ஞாயிறு காலையில் அவள் பாடச் செல்லும் அந்த ஒரு மணி நேரம் குழந்தையை வீட்டில் ஒருவர் வைத்துக்கொள்வோம். அதற்குப் பெரிய மெய்யியல் வேண்டியதில்லை.