சான்று தாங்கும் முடிவு

தேர்வுத்தாள் ஒரு பத்தியைத் தந்து, 'இதிலிருந்து பெறப்படும் முடிவு யாது?' என்று வினவுகிறது. உண்மையாக இருக்கக்கூடிய விடையை நாம் நாடுகிறோம். வேண்டப்படுவதோ அப்பத்தி தாங்கும் விடை.

1977 மார்ச் 10 அன்று, இன்றைய திருப்பத்தூர் மாவட்டத்து ஜவ்வாது மலையில், காவலூர் வானாய்வகத்தார் யுரேனசின் அருகே தோன்றிய ஒரு விண்மீனின் ஒளி சில நொடிகள் மங்கக் கண்டனர். புதிய துணைக்கோள் ஒன்று மறைத்ததெனக் கருதினர். இந்தியப் பெருங்கடலின்மேல் பறந்த அமெரிக்க ஆய்வு விமானத்திலோ, கோளின் இருபுறமும் ஒத்த தொலைவுகளில் ஒளி மங்கியது பதிவாயிற்று. ஒரு துணைக்கோள் இருபுறமும் மறைக்காது, வளையங்களே மறைக்கும். காவலூராரும் அவ்வாண்டே வளையம் என்றே எழுதினர். திருத்திக்கொள்வது இழுக்கன்று.

நம் இல்லத் திருமணத்திற்கு அயலார் வரவில்லையெனில், 'பகை' என்று முடிவு கட்டுகிறோம். நாம் கண்டது வெற்று இருக்கை ஒன்றையே அன்றோ?