பாத்தாச்சு

என் தாய்மாமா நாமக்கல்லில் லாரி மெக்கானிக். வயது அறுபத்தெட்டு, முழங்கால் மடங்குவதில்லை, வேலைக்குப் போய்ப் பல வருஷம் ஆகிறது. ஆனாலும் 'மெக்கானிக்காக இருந்தார்' என்று எழுதினால் கோபித்துக்கொள்வார். 1986இலிருந்து 2008 வரை ஒரே டிரான்ஸ்போர்ட் கம்பெனியின் ஷெட்டில் இருந்தார். முப்பத்துச் சொச்சம் வண்டிகள். பாதிக்கு மேல் லேலண்ட், மிச்சம் டாடா.

வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் ஊர் என்றால் முட்டை, இல்லாவிட்டால் ஆஞ்சநேயர். உள்ளூர்க்காரனுக்கு அது லாரி ஊர். பாடி கட்டுகிற பட்டறைகள், கேஸ் டேங்கர்கள், ஒரு பக்கம் சங்ககிரி, இன்னொரு பக்கம் போர் வண்டிகளுக்குத் திருச்செங்கோடு. என் வகுப்பில் பாதிப் பேருடைய அப்பாக்கள் மாதத்தில் இருபது நாள் வேறு மாநிலத்தில் இருந்தார்கள்.

மாமாவின் ஞாபகம் வருஷக் கணக்கில் ஓடாது, வண்டிக் கணக்கில்தான் ஓடும். என் தங்கை பிறந்தது எப்போது என்று கேட்டால், "டாடா ஒண்ணு கிராங்க் ஒடஞ்சு பெல்லாரில நின்னுச்சே, அப்ப" என்பார். எந்த வண்டிக்கு எந்தப் பக்கக் கமான் பட்டை அடிக்கடி விடும், எந்த டிரைவர் கிளட்ச் மேலேயே காலை வைத்திருப்பார், எல்லாம் அவரிடம் இருக்கிறது. பெரும்பாலும் சிரிக்கச் சிரிக்கச் சொல்வார். ஒரு வண்டியைப் பற்றி மட்டும், போன தீபாவளிக்கு நான் போயிருந்தபோது, கரண்ட் இல்லாத ஒரு சாயங்காலத்தில் சிரிக்காமல் சொன்னார்.

1994, ஐப்பசி. ஜவ்வரிசி மூட்டை ஏற்றிய ஒரு லேலண்ட் நாசிக் போக வேண்டும். திரும்பி வரும்போது வெங்காயம். கிளம்புகிற ராத்திரி பின்சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால், இடது பக்க பிரேக் லைனிங் தேய்ந்து ரிவெட் தலைக்கு வந்திருக்கிறது. ஸ்டோரில் அந்த அளவு லைனிங் இல்லை. கடை காலையில்தான் திறக்கும். வாங்கி வந்து, ரிவெட் அடித்து, மாட்டி முடிக்க மத்தியானம் ஆகிவிடும். முதலாளி ஷெட்டுக்கே வந்து நின்றார். "ஒரு நடை போயிட்டு வரட்டும்ப்பா. வந்ததும் மொத வேலையா மாத்திரலாம்."

மாமா ஸ்லாக் அட்ஜஸ்டரை முறுக்கி, தேய்ந்த லைனிங்கை டிரம்முக்குப் பக்கத்தில் கொண்டுவந்தார். சக்கரத்தை மாட்டினார். ஷெட்டு வாசலில் வண்டியை உருட்டி பிரேக் அடித்தார். நின்றது. பனியன் வேஸ்டில் கை துடைத்துக்கொண்டிருந்தபோது டிரைவர் கேட்டார்: "பிரேக்கு பாத்துட்டீங்களாண்ணா?"

"பாத்தாச்சு. எடு."

பொய்யா என்றால் பொய் இல்லை. பார்த்துத்தான் இருந்தார். ஆனால் ஷெட்டு பாஷையில் 'பாத்தாச்சு' என்றால் சரிபண்ணியாச்சு என்று அர்த்தம். டாக்டரிடம் காட்டியாச்சு என்றால் வைத்தியமும் சேர்ந்தது என்று நாம் எடுத்துக்கொள்வதுபோல. மாமா சொன்னது ஒரு அர்த்தத்தில், டிரைவர் கேட்டுக்கொண்டது இன்னொரு அர்த்தத்தில். இரண்டுக்கும் நடுவே இருந்த இடைவெளி மாமாவுக்குத் தெரியும். டிரைவருக்குத் தெரியாது.

இங்கே பிரேக் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நானே மாமா ஒரு நோட்டில் படம் போட்டுக் காட்டிய பிறகுதான் புரிந்துகொண்டேன், நான்கு வருஷம் இன்ஜினியரிங் படித்தும். லாரியின் டிரம் பிரேக்கில், காற்றழுத்தம் ஒரு கம்பியைத் தள்ளும். கம்பி அட்ஜஸ்டரைத் திருப்ப, உள்ளே இருக்கிற ஷூ விரிந்து சுழலும் டிரம்மின் உட்புறத்தில் அழுந்தும். கம்பி தள்ளக்கூடிய தூரத்துக்கு ஓர் எல்லை உண்டு. நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் சூடாகும், சூடானால் விரியும். அதாவது ஷூ போய்த் தொட வேண்டிய சுவர் இன்னும் தள்ளிப் போகும். சூட்டில் லைனிங்கின் பிடிப்பும் குறையும். லைனிங்கும் தேய்ந்திருந்தால், ஒரு கட்டத்தில் கம்பி தன் முழு தூரத்தையும் தள்ளிவிடும், அந்தச் சக்கரம் பிடிக்காது. சமதளத்தில் நின்ற அதே வண்டி, இறக்கத்தில் நிற்காது. ஷெட்டு வாசலில் பார்த்த பரீட்சை எதையும் நிரூபிக்கவில்லை. அது மாமாவுக்குத் தெரியும்.

ஐந்தாம் நாள் நாசிக்கிலிருந்து போன் வந்தது, லோடு ஏத்தியாச்சு என்று. எல்லோருக்கும் அது நல்ல செய்தி, மாமாவுக்கு மட்டும் இல்லை. வெங்காய லோடோடு சதாரா பக்கம் கம்பட்கி கணவாயைத் தாண்ட வேண்டும். அதற்குப் பிறகு, கடைசியாக, தொப்பூர். பெங்களூரிலிருந்து சேலம் வருகிறவர்களுக்குத் தெரியும்: தருமபுரி தாண்டியதும் சாலை வளைந்து வளைந்து இறங்கும். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரல் போட்டு உருட்டுவார்கள். நியூட்ரலில் இன்ஜின் பிடிப்பு இல்லை, மொத்த பாரமும் பிரேக்கின் தலையில். அங்கே நடந்த விபத்துகளை வைத்தே எங்கள் பக்கத்தில் தொப்பூர் என்ற பெயருக்குத் தனி அர்த்தம் வந்துவிட்டது.

"அந்த வாரம் உங்க மாமா சோத்துல கைய வச்சுட்டே உக்காந்திருப்பாரு" என்றார் அத்தை.

ஒன்பதாம் நாள் ராத்திரி வண்டி வந்தது. ஒன்றும் ஆகவில்லை. டிரைவர் ஒரு பை வெங்காயம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார். மறுநாள் மாமா டிரம்மைக் கழற்றினார். உள்ளே வட்டமாகக் கோடுகள். ரிவெட் உலோகம் டிரம்மை அறுத்திருந்தது. "நகத்த வச்சா மாட்டுது மாப்ள" என்று தன் கட்டைவிரலைக் காட்டினார், இப்போதும் அதில் கோடு இருப்பதுபோல. டிரம்மைக் கடைசலுக்குக் கொடுத்து, புது லைனிங் போட்டு, யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

இவ்வளவுதான் கதை. யாரும் சாகவில்லை, வண்டி கவிழவில்லை. முப்பது வருஷமாக அவர் மனதில் நிற்கிற வண்டி இதுதான்.

தத்துவத்திலும் ஒரு பிரபலமான லாரி உண்டு. 1976இல் பெர்னார்ட் வில்லியம்ஸ் என்ற பிரிட்டிஷ் தத்துவவாதி அறமும் அதிர்ஷ்டமும் பற்றி எழுதிய கட்டுரையில் ஒரு லாரி டிரைவர் வருகிறார். அவர்மேல் எந்தத் தப்பும் இல்லை, ஆனால் ஒரு குழந்தை சக்கரத்தில் அடிபட்டு இறந்துவிடுகிறது. வேடிக்கை பார்த்தவர்களுக்கும் வருத்தம்தான், ஆனால் டிரைவரின் வருத்தம் வேறு வகை, அது செய்தவனின் வருத்தம் என்கிறார் வில்லியம்ஸ். 'உன் தப்பு இல்லப்பா' என்று நாம் ஆறுதல் சொல்வோம். அந்த ஆறுதலை டிரைவர் சட்டென்று ஏற்றுக்கொண்டுவிட்டால் நமக்கு அவர்மேல் ஒரு சந்தேகம் வரும். இதற்கு மறுமொழி எழுதிய அமெரிக்கர் தாமஸ் நேகல் அந்த லாரிக்குள் பிரேக்கைக் கொண்டுவருகிறார். டிரைவர் சமீபத்தில் பிரேக்கைச் சோதிக்காமல் விட்டிருந்தார் என்று வைத்துக்கொள்வோம். குழந்தை குறுக்கே வந்தால் அந்தச் சாவுக்கு அவர் தன்னையே பழிப்பார். வராவிட்டால் அதே அலட்சியம் ஒரு சின்னத் தவறு, அவ்வளவுதான். அலட்சியம் ஒன்றே, குழந்தை வருவதும் வராததும் அவர் கையில் இல்லை. அப்படியிருக்க பழி மட்டும் எப்படி இவ்வளவு மாறுகிறது என்பதுதான் நேகலின் புதிர்.

இரண்டு பேருடைய லாரியிலும் மெக்கானிக் இல்லை என்பது எனக்கு வேடிக்கையாக இருந்தது. மாமாவிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "கொழந்த குறுக்க வரலீங்கறதுக்கு நான் என்ன பண்ணுனேன்?" என்றார்.

சட்டமும் நேகலின் புதிரை அப்படியே எழுதி வைத்திருக்கிறது. 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 190. ஆபத்தான குறை இருப்பது தெரிந்தும், அல்லது சாதாரணக் கவனத்தில் தெரிந்திருக்கக்கூடிய நிலையிலும், வண்டியை ஓட்டினால், ஓட்டச் செய்தால், ஓட்ட விட்டால் குற்றம். மாமா காலத்தில் அதற்கு அபராதம் 250 ரூபாய் வரை. அதே குறையால் விபத்தாகி ஆளுக்கு அடியோ பொருளுக்குச் சேதமோ ஆனால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 1000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2019இல் திருத்தி, தொகைகளை ஏற்றினார்கள். ஆனால் கணக்கு அதேதான்: முதலில் என்ன நடந்தது என்று பார், பிறகு எவ்வளவு தப்பு என்று சொல்.

மாமாவின் கணக்கு வேறு. 2001இல், அவரே புது லைனிங் போட்டு, கிரீஸ் வைத்து அனுப்பிய வண்டி ஒன்று கிருஷ்ணகிரி அருகே விபத்தில் சிக்கியது. எதிரே ஓவர்டேக் செய்துகொண்டு வந்த வண்டி மோதி, டிரைவர் இறந்துபோனார். மோட்டார் வாகன ஆய்வாளர் வந்து பார்த்து, இயந்திரக் கோளாறு இல்லை என்று எழுதினார். வண்டியை இழுத்துவரப் போன மாமாதான் டிரைவரின் பையை அவர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தார். அழுதிருக்கிறார். "அது வேற துக்கம் மாப்ள" என்கிறார். வில்லியம்ஸின் கோட்பாட்டுக்கு நேர் எதிராக, சாவு நடந்த வண்டியில் அவர் தூங்கிவிட்டார், சாவு நடக்காத வண்டியில் தூங்கவில்லை.

இதை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். 1994இல் நடந்த தப்பு லைனிங் இல்லை. லைனிங் தேய்வது லைனிங்கின் குணம், ஸ்டோரில் வாங்கி வைக்காதது கம்பெனியின் குணம். தப்பு 'பாத்தாச்சு'வில் இருக்கிறது. டிரம் முதலாளியுடையது, ஆனால் இறக்கம் டிரைவருடையது. அந்த இறக்கத்தில் தன் உயிரை எவ்வளவு நம்பி விடலாம் என்று அவரே முடிவு செய்ய வேண்டிய ஒன்றை, மாமா ஒரே வார்த்தையில் எடுத்துக்கொண்டார். அப்படிப் பார்த்தால் அந்தத் தப்பு ஷெட்டு வாசலிலேயே முழுசாக நடந்து முடிந்துவிட்டது. தொப்பூரில் என்ன நடந்தாலும் அது கூடவோ குறையவோ போவதில்லை.

நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இது முழு உண்மை இல்லை என்பதும் எனக்குத் தெரியும். வாசலிலேயே முடிந்துவிட்ட தப்பு என்றால், அந்த ஒன்பது நாள் அவர் ஏன் சோற்றில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்? போன் அடித்தபோதெல்லாம் ஏன் எழுந்தார்? வண்டி வந்து நின்றபோது அவருக்குக் கால் தளர்ந்துபோனதாம். விளைவு முக்கியம் இல்லை என்று நினைக்கிற மனிதனின் கால் அப்படித் தளராது. இதை என்னால் சரிக்கட்ட முடியவில்லை.

அதற்கப்புறம் அவர் செய்த ஒரு மாற்றம் உண்டு. நீங்கள் எதிர்பார்ப்பதுபோல 'வண்டியை விடமாட்டேன்' என்று நிற்கவில்லை. ஒரு தடவை நின்று பார்த்தார், முதலாளி ஹெல்பரை வைத்து அட்ஜஸ்டரை முறுக்கி அனுப்பிவிட்டார். சம்பளக்காரன் மறுத்தால் வண்டி நிற்காது, கை மட்டும் மாறும். அதனால் மாமா டிரைவரிடம் நேராகச் சொல்ல ஆரம்பித்தார். "லைனிங் இல்ல. எறக்கத்துல ரெண்டாவது கியர விட்டு எடுக்காத. நியூட்ரல் போட்டீன்னா செத்த." இரண்டு டிரைவர்கள் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். மாதம் ஒரு லைனிங் செட் கூடுதலாக ஸ்டோருக்கு வர ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

நான் பெங்களூரில் மென்பொருள் எழுதுகிறேன். மூன்று வருஷத்துக்கு முன்பு மருந்துக்கடைகளுக்கான ஆர்டர் மென்பொருள் ஒன்றில் வேலை பார்த்தேன். வெளியீட்டுக்கு முந்தைய ராத்திரி ஒரு குறையைக் கண்டுபிடித்தேன். நெரிசல் நேரத்தில், ஆர்டரோடு போக வேண்டிய மருந்துக் குறிப்பு சில சமயம் சேராமல் போகும். எங்கள் சோதனைச் சூழலில் வராது, அங்கே நெரிசல் கிடையாது. சமதளம். மேனேஜர், "ஷிப் பண்ணிடலாம், அடுத்த ஸ்பிரின்ட்ல பாத்துக்கலாம்" என்றார். 'தெரிந்த குறைகள்' பட்டியலில் ஒரு வரி எழுதினேன். சரிசெய்ய நான்கு மாதம் ஆனது. புகார் எதுவும் வரவில்லை. பழைய பதிவுகள் தொண்ணூறு நாளில் தானாக அழிந்துவிடும். எங்காவது யாருக்காவது குறிப்பு இல்லாமல் மருந்து போனதா என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

மாமாவின் கதையைக் கேட்கும்வரை இதை நான் மறந்திருந்தேன். அவருக்கு ஒன்பதாம் நாள் டிரம் திரும்பி வந்தது, நகத்தை வைத்துப் பார்த்தார். என் டிரம் திரும்பி வரவே வராது. எனக்குச் சட்டமும் வசதியாக இருக்கிறது. மென்பொருள் உரிமங்களில் பெரும்பாலும் 'உள்ளது உள்ளபடி' தருகிறோம், உத்தரவாதம் இல்லை என்று ஒரு பத்தி இருக்கும். அதைப் பயனர்களிடம் நேராகச் சொன்னதாகவும் கணக்கு. மாமா, "லைனிங் இல்ல" என்று சொன்னதற்கும் இதற்கும் உள்ள தூரத்தை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. பதினெட்டுப் பக்கத்துக்கு நீட்டிய 'பாத்தாச்சு' அது.

அந்த டிரைவர் இப்போதும் இருக்கிறார், ராசிபுரம் பக்கம். இந்தப் பொங்கலுக்கு மாமா வீட்டுக்கு வந்திருந்தார். அத்தை காபி கொடுத்தார். பேச்சு வெங்காய விலைக்குப் போனது, நாசிக்குக்குப் போனது. மாமா என்னை ஒரு தடவை பார்த்தார். நான் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பேரன் கல்யாணத்துக்கு வரச்சொல்லி, வெற்றிலை வாங்கிக்கொண்டு அவர் கிளம்பிப் போனார்.

"சொல்லியிருக்கலாமே மாமா?"

"சொல்லோணும்னுதான் இருந்தேன்" என்றார். "சொன்னா, 'வுடுங்கண்ணா, அதெல்லாம் ஒரு காலம்'னு சிரிச்சுட்டுப் போயிருவான். அவனப் பத்தி எனக்குத் தெரியும். அதுக்குத்தான் சொல்லல."

நான் ராத்திரி பஸ்ஸில் பெங்களூர் கிளம்பினேன். தொப்பூரில் நாங்கள் ஏறுகிற பக்கம். எதிர்ப்பக்கம் லாரிகள் வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தன. கியரில் வருகிறதா நியூட்ரலில் வருகிறதா என்று சத்தத்திலேயே தெரியும் என்று மாமா சொல்லியிருக்கிறார். ஜன்னலைத் திறந்து கேட்டுப் பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை.