ஓராள் இருக்கையும் ஆசன தத்துவமும்

மோட்டார் சைக்கிளில் ஓட்டுபவர் ஒருவருக்கு மட்டுமே இடம் தருவது ஓராள் இருக்கை. கம்பெனி கொடுத்த நீள சீட்டைக் கழற்றிவிட்டு, ஓட்டுபவரின் இடுப்பகலத்துக்கும் கால் நீளத்துக்கும் ஏற்ப அதைத் தனியே செய்து பூட்டுவார்கள். மலாக்கா மாநிலத்தின் அலோர் காஜா மாவட்டத்தில், கடலோரத்தில் உள்ள கோலா சுங்கை பாருவிலும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலும் கப்சாய் என்னும் சிறு மோட்டார்தான் அன்றாட வாகனம். விடியுமுன் பால்மரம் வெட்டப் போனவர்களும், இன்று செம்பனைக் குலை அறுக்கப் போகிறவர்களும், மஸ்ஜித் தானா பட்டணத்துக்குச் சாமான் வாங்கப் போகிறவர்களும் அதில்தான் உட்கார்கிறார்கள். சீட்டை வசதியாகச் செய்துகொள்வது குஷன் கடையோடு முடிந்துபோகிற காரியமாகத் தெரியலாம். ஆனால் சமயங்கள் நெடுங்காலம் விவாதித்த கேள்வி ஒன்று அதற்குள் இருக்கிறது. உடம்பு உட்காரும் இடத்தில் சுகம் தேடுவது பற்றை வளர்க்குமா, செய்கிற காரியத்துக்குத் துணை நிற்குமா?

இருக்கையின் சுகத்தைக் கடுமையாகச் சந்தேகித்தவர்கள் பௌத்தரும் சமணரும். துறவியின் கட்டிலுக்கும் நாற்காலிக்கும் கால்கள் எட்டு விரற்கடைக்கு மேல் போகக்கூடாது என்பது பௌத்த விநயத்தின் விதி. பஞ்சு அடைத்து ஆசனம் செய்துகொண்டால் அந்தப் பஞ்சைப் பிய்த்தெடுத்துவிட வேண்டும். உட்காருவதற்கு விரிக்கும் துணிக்குக்கூட நீள அகலம் வகுக்கப்பட்டிருக்கிறது. ஒரு மெத்தையை இவ்வளவு நுணுக்கமாகக் கண்காணித்த சட்டநூல்கள் அரிது. தமிழ்நாட்டில் மாங்குளம், புகளூர் போன்ற இடங்களில் சமணத் துறவியருக்காகப் பாறையிலேயே படுக்கை வெட்டிக் கொடுத்தார்கள். கொடுத்தவர் பெயரைத் தமிழி எழுத்தில் பக்கத்திலேயே பொறித்தும் வைத்தார்கள். இத்தகைய கற்படுக்கைகள் பலவற்றில் தலைமாட்டுப் பக்கம் சற்று மேடாக விடப்பட்டிருக்கிறது. உடலை ஒடுக்கும் நெறியும் கழுத்தின் வலியை அறிந்தே இருந்தது. புத்தரும் பட்டினி நோன்பைக் கைவிட்டு, சுஜாதை கொடுத்த பாற்சோற்றை உண்டு, புல்லைப் பரப்பி அமர்ந்த பிறகே ஞானம் பெற்றார் என்பது பௌத்த மரபு.

வலியை வழிபாடாக ஏற்பது மலேசியத் தமிழரிடம் இன்றும் உயிரோடு இருக்கும் வழக்கம். தைப்பூசத்தில் அலகு குத்தியும் ஆணிச் செருப்பு அணிந்தும் காவடி எடுக்கிறார்கள். மாசி மகத்துக்கு மலாக்கா செங் சன்னாசிமலை ஆண்டவர் கோவிலில் கூட்டம் திரள்கிறது. ஆணிச் செருப்பில் நடந்தவர் மறுநாள் மெத்தென்ற சீட்டு தேடினால் அது முரண்பாடாகுமா? ஆகாது. நேர்த்திக்கடனின் வலிக்குத் தொடங்கும் நாளும் முடியும் நாளும் உண்டு. அதை ஏற்றவர் அறிந்து, வேண்டி ஏற்றார். தினமும் வேலைக்குப் போகும் வழியில் வரும் இடுப்புவலியை யாரும் யாருக்கும் நேர்ந்துகொள்ளவில்லை. அதைப் பொறுத்துக்கொள்வதைத் தவம் என்று சொல்வது தவத்துக்கும் பெருமையல்ல.

யோக மரபு இந்தக் கேள்விக்கு நேராகவே விடை சொல்கிறது. பதஞ்சலி ஆசனத்துக்கு இரண்டே இலக்கணம் வைக்கிறார்: அது நிலையாக இருக்க வேண்டும், சுகமாகவும் இருக்க வேண்டும். அவருக்கு உரை எழுதிய வியாசர் தரும் ஆசனப் பட்டியலில், சாய்மானத்தின் துணையோடு அமரும் ஆசனமும் இடம்பெறுகிறது. ஆசனம் கைகூடுவதற்கு முயற்சி தளர வேண்டும் என்று அடுத்த சூத்திரம் சொல்கிறது. அமர்ந்திருப்பதே ஒரு வேலையாகிவிட்டால் மனம் அதிலேயே சிக்கிக்கொள்ளும் என்பது இதன் உட்கருத்து. அமர்ந்தவர் உடம்பை மறந்துவிட்டாரா என்பதே சுகத்துக்கு அளவுகோல். எவ்வளவு மெத்தென்று இருந்தது என்பது அல்ல. கீதையின் ஆறாம் அத்தியாயம் தனித்திருப்பவனின் ஆசனத்தைப் பொருள் பொருளாக விவரிக்கிறது. மிக உயரமும் கூடாது, மிகத் தாழ்வும் கூடாது. அடியில் தருப்பை, அதன் மேல் மான்தோல், எல்லாவற்றுக்கும் மேலே துணி என்று உரைகாரர்கள் அடுக்கைத் தெளிவாக்குகிறார்கள்.

நல்ல சீட் செய்பவர் பின்பற்றும் வரிசையும் ஏறக்குறைய இதுதான். உட்காரும்போது உடலின் எடை பெரும்பாலும் இடுப்பெலும்பின் அடியில் உள்ள இரண்டு முனைகளில் இறங்குகிறது. கடையில் விரலால் அழுத்திப் பார்த்து, அமுங்குகிற ஸ்பான்ச்சைத் தேர்ந்தெடுப்பவர் பெரும்பாலும் ஏமாறுகிறார். சற்று நேரம் ஓட்டினால் அது நசுங்கி, எலும்பு அடித்தகட்டைத் தொட்டுவிடும். கெட்டியான ஸ்பான்ச் முதலில் கடினமாகத் தோன்றினாலும் எடையைப் பரப்பித் தாங்கும். ஆகவே அடியில் கெட்டி ஸ்பான்ச், அதன் மேல் மெல்லிய மென்ஸ்பான்ச், அதற்கும் மேல் உறை. பின்பகுதி இடுப்புக்கு ஏற்ற அகலத்தில் இருக்க வேண்டும். முன்பகுதி குறுகாவிட்டால் தொடைகள் விரிந்து, நிற்கும்போது பாதம் தரையில் எட்டாது. உயரத்தை ஏற்றிவிட்டால் சந்தியில் நிற்கவே பயம் வரும். மிகத் தாழ்த்தினாலோ முட்டி மடங்கி, எடை முதுகெலும்பின் அடிநுனிக்குப் போய்விடும்.

சரிவு விஷயத்தில் கப்சாய்க்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. பெரிய மோட்டார்களில் முன்னால் எண்ணெய்த் தொட்டி இருப்பதால் முட்டியை அதில் அணைத்துக்கொள்ளலாம். கப்சாயில் அந்த இடம் வெற்றிடம். சீட்டின் மூக்கு சிறிது கீழே சாய்ந்தாலும் பிரேக் போடும்போதெல்லாம் உடம்பு முன்னால் வழுக்கும். அந்த எடையை மணிக்கட்டு தாங்க வேண்டியிருக்கும். அதனால் உட்காரும் குழி ஏறத்தாழச் சமமாகவும், பின்னால் சிறு மேடு வைத்தும் அமைய வேண்டும். உறையைப் பொறுத்தவரை மழையும் வெயிலும்தான் தீர்ப்புச் சொல்லும். உட்காரும் இடத்தில் தையல் வந்தால் அதன் வழியே நீர் இறங்கி, ஸ்பான்ச் நாள் முழுக்க ஈரம் கசியும். கறுப்பு ரெக்சின் மத்தியானத்தில் தொடையைச் சுடும்.

பொருத்துவதைப் பற்றிக் கோவில் சொல்லித் தருவது அதிகம். மலாக்கா நகரில் 1781-இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி கோவில் மலேசியாவின் மிகப் பழைய இந்துக் கோவில்களில் ஒன்று. மலாக்கா செட்டிகள் வழிவழியாக அதைப் போற்றி வருகிறார்கள். சைவ பூசையில் மூர்த்தியை எழுந்தருளச் செய்யும் முன் ஆசனத்துக்கே முதற்பூசை. ஆசனம் அமையாமல் மூர்த்தி இல்லை. சிலையைப் பீடத்தில் நிறுத்தும்போது கல்லைக் கல்லின் மேல் வெறுமனே வைத்துவிடுவதும் இல்லை. கொம்பரக்கு, சுக்கான்தூள், குங்கிலியம், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் ஆகிய எட்டையும் இடித்துச் சேர்த்த அஷ்டபந்தன மருந்தை இரண்டுக்கும் இடையே சாத்துகிறார்கள். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பழையதைச் சுரண்டி எடுத்துப் புதியதைச் சாத்திக் குடமுழுக்குச் செய்வது வழக்கம். இடைவெளியில்லாமல் பிடித்துக்கொள்ள இரண்டு கெட்டிப் பொருள்களுக்கு நடுவே இளகிய பொருள் ஒன்று வேண்டும். அந்த இளகிய பொருளுக்கு ஆயுள் எல்லை உண்டு. ஸ்தபதி அறிந்திருந்த இந்த இரண்டு உண்மைகளும் மெக்கானிக்குக்கும் பொருந்தும்.

இருக்கையின் அடித்தகட்டை மோட்டாரின் சட்டத்தில் நேரடியாக முடுக்கினால் இயந்திரத்தின் அதிர்வு முழுவதும் உடம்புக்கு ஏறும். போல்ட்டும் நாளடைவில் தளரும். தகட்டுக்கும் சட்டத்துக்கும் இடையே ரப்பர் புஷ் வைக்க வேண்டும். கழலாத நட் போட வேண்டும். முதல் சில நாள் ஓட்டிய பிறகு திரும்ப ஒருமுறை முடுக்க வேண்டும். ரப்பர் காய்ந்து வெடித்தால் மாற்றிவிட வேண்டும். பின்னால் ஸ்பிரிங் வைத்த பழைய பிரிட்டிஷ் பாணி இருக்கை கண்ணுக்கு அழகு. ஆனால் அது அமுங்கும் தூரத்தையும் பின்சக்கரம் மேலே ஏறும் தூரத்தையும் கூட்டி இடம் விட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். சட்டத்தில் பிடி பற்றவைக்க நேர்ந்தால் முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். சட்டத்தை வெட்டுமளவுக்கு வேலை போனால் முன்கூட்டியே ஜேபிஜே என்னும் சாலைப் போக்குவரத்துத் துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

ஹோண்டா இஎக்ஸ்5 போன்ற மோட்டார்களில் எண்ணெய்த் தொட்டியின் மூடி சீட்டுக்கு அடியில் இருக்கிறது. முன்பக்கம் கீல் வைத்துத் தூக்கும்படி செய்யாவிட்டால் ஒவ்வொரு முறை எண்ணெய் போடவும் ஸ்பேனர் எடுக்க வேண்டியதுதான். 1958-இல் ஜப்பானில் வெளிவந்த முதல் சூப்பர் கப் ஓராள் சீட்டோடும் பின்னால் சாமான் வைக்கும் கேரியரோடும்தான் வந்தது. புது மோஸ்தர் என்று இளைஞர்கள் செய்துகொள்வது உண்மையில் கப்சாயின் ஆதி வடிவம்.

இனி எஞ்சுவது இருக்கை யாருக்கு உரியது என்ற கேள்வி. தோட்ட வரலாற்றில் உட்காருவது அந்தஸ்தோடு பின்னிக் கிடந்தது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் தொழிலாளி நின்றான். துரைக்கும் கிராணிக்கும் நாற்காலி இருந்தது. சைக்கிளில் போகிற தொழிலாளி துரையைக் கண்டால் இறங்கி நிற்க வேண்டும் என்பது வழக்கம். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் போன்றோர் முன்னின்ற வேலைநிறுத்தத்தில், சம்பளக் கோரிக்கையோடு, துரைமார் முன்னால் சைக்கிளை விட்டு இறங்காமல் போகும் உரிமையும் கேட்கப்பட்டது. நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். இரண்டு சக்கரத்தின் மேல் உட்கார்ந்தபடியே போவதற்காக ஒரு தலைமுறை போராடிய மண்ணில், நல்ல சீட்டுக்கு ஆசைப்படுவதை ஆடம்பரம் என்று ஒதுக்கிவிட முடியாது.

சங்க காலத்துச் சேரன் தீர்ப்பும் இதற்கு அருகில் வருகிறது. முரசுக்கென்று பூப்பரப்பி வைத்த கட்டிலில், வழிநடைக் களைப்பால் மோசிகீரனார் படுத்துத் தூங்கிவிட்டார். வெட்டிக் கொன்றிருக்கக்கூடிய குற்றம் அது. தகடூர் எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறையோ அவர் விழிக்கும் வரை விசிறி வீசினான். புறநானூற்றில் அதைப் பாடியவர் அந்தப் புலவரே. புனித இருக்கையா, களைத்த உடம்பா என்று வந்தபோது அரசன் உடம்பின் பக்கம் நின்றான்.

அதே நியாயம் ஓராள் இருக்கைக்கு எதிராகவும் பேசும். துறவியின் ஆசனம் தனியாளுக்கு உரியது. குடும்பஸ்தனின் மோட்டார் அப்படியல்ல. மனைவியை ஆஸ்பத்திரிக்கும் பிள்ளையைப் பள்ளிக்கும் அதில்தான் கூட்டிப்போக வேண்டும். பின்னால் இடமில்லாத மோட்டாரில் அவர்கள் கேரியர் கம்பியில் உட்கார நேர்ந்தால், ஓட்டுபவரின் சுகம் இன்னொருவரின் வலியாகவும் ஆபத்தாகவும் மாறிவிடும். தனியாக வேலைக்குப் போகிறவருக்கு மட்டுமே ஓராள் இருக்கை பொருத்தமானது. வீட்டில் வேறு வாகனம் இல்லாதவர்கள் பழைய நீள சீட்டின் அமைப்பைக் கெடுக்காமல், அதே போல்ட்டுகளிலும் கீலிலும் இரண்டையும் மாற்றி மாட்டும்படி செய்துகொள்ள வேண்டும். பழைய சீட்டைக் குஷன் கடையிலேயே விட்டுவிட்டு வரக்கூடாது.